வெளியே நிற்கும் விறகு பாய்லர்: முதல் குளிர்காலத்துக்கு என்ன செய்வது?

ஆகஸ்ட் 19, 2023 – கேள்வி

அக்கா, வாட்டர்டவுன் பக்கம் ஒரு பழைய பண்ணை வீடு வாங்கியிருக்கோம். கொல்லைல தகரக் கொட்டகை மாதிரி ஒரு விறகு பாய்லர் நிக்குது. வித்தவர் சொன்னது: "எதைப் போட்டாலும் எரியும். பச்சை மரம்னா இன்னும் நல்லது, ராத்திரி பூரா நிக்கும்." வீட்டைச் சூடாக்குற ஆயிலுக்கு அவர் காட்டின பில்லைப் பார்த்தா தலை சுத்துது. அதனால அக்டோபர்ல இதைப் பத்த வெச்சுடலாம்னு இருக்கேன். நான் மதுரைல கேஸ் அடுப்போட வளர்ந்தவன், விறகைப் பத்தி ஒண்ணுமே தெரியாது. எங்க ஆரம்பிக்கணும்?

ஆகஸ்ட் 19, 2023

பச்சை மரம் நல்லது என்றாரே, அதை முதலில் மனசிலிருந்து எடுத்துப் போடுங்கள் தம்பி. இந்த வடக்கு நியூயார்க்கில் நான் அதிகம் கேட்ட பொய் இதுதான். சொல்கிறவர்கள் நம்பித்தான் சொல்கிறார்கள், அதுதான் வருத்தம்.

இங்கே விறகை கார்ட் கணக்கில் அளப்பார்கள். ஒரு கார்ட் என்பது 4 அடி உயரம், 4 அடி அகலம், 8 அடி நீளம், ஆக 128 கன அடி. வெட்டிய கையோடு அடுக்கிய ஒரு கார்ட் சிவப்பு ஓக், அதே மரம் நன்றாகக் காய்ந்தபின் இருப்பதைவிட 1,300 பவுண்டுக்கு மேல் கனம். அத்தனையும் தண்ணீர், சுமார் 600 லிட்டர். அதைப் பச்சையாக உள்ளே தள்ளினால் நெருப்பின் முதல் வேலை அந்த 600 லிட்டரை ஆவியாக்கி வானத்துக்கு அனுப்புவது. மிச்சம் இருந்தால்தான் உங்கள் வீட்டுக்கு. "ராத்திரி பூரா நிக்கும்" என்பது உண்மைதான். எரிய முடியாமல் புகைந்துகொண்டே கிடக்கிறது, அதனால் நிற்கிறது.

என் யோசனை: இந்தக் குளிர்காலம் ஆயிலிலேயே ஓட்டுங்கள். இப்போது விறகு வாங்கி, பிளந்து, அடுக்கி, மேலே மட்டும் மூடி வையுங்கள். அடுத்த ஆண்டு பற்றவையுங்கள்.

ஆகஸ்ட் 20, 2023

நேற்று அவசரமாக எழுதினேன். இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லாமல் விறகைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

ஊரில் குளிக்க வெந்நீர் போடும் செம்பு பாய்லர் பார்த்திருப்பீர்கள். நடுவில் நெருப்புக் குழல், சுற்றிலும் தண்ணீர். உங்கள் கொல்லையில் நிற்பதும் அதேதான். நெருப்பறையைச் சுற்றிலும் சில நூறு காலன் தண்ணீர். அந்தத் தண்ணீர் 180 டிகிரி ஃபாரன்ஹீட் (82 செல்சியஸ்) அளவில் நிற்கும். ஒரு பம்ப் அதை மண்ணுக்கடியில் போகும் குழாய் வழியே வீட்டுக்குத் தள்ளும். வீட்டுக்குள் சூடான காற்றை அறைகளுக்கு ஊதும் ஃபர்னஸ் இருந்தால் அதன் பெட்டிக்குள் ரேடியேட்டர் போல ஒரு சுருள், தண்ணீர் ரேடியேட்டர் வீடு என்றால் ஒரு தகட்டு வெப்பமாற்றி. சூட்டைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் திரும்பிப் போய் மறுபடி சூடேறும். பெரும்பாலும் இவை அழுத்தமில்லாதவை. மேலே காற்றுக்குத் திறந்திருக்கும், அதனால் வெடிக்கிற பயம் குறைவு.

வித்தியாசம் ஒன்று உண்டு, எல்லாத் தொல்லையும் அங்கேதான். செம்பு பாய்லரில் தேவையான அளவு போட்டு எரித்து முடித்துவிடுவோம். இது தண்ணீர் சூடானதும் காற்றை அடைத்துக்கொள்ளும். நெருப்பு அணையாது, சுடர் இல்லாமல் புழுங்கும். சூடு இறங்கினால் காற்று திறந்து மறுபடி எரியும். இந்தப் புழுங்குகிற நேரத்தில்தான் புகையும், சுவரில் கறுப்புத் தார் போலப் படியும் கிரியோசோட்டும் உண்டாகின்றன. விறகு ஈரமாக இருந்தால் எல்லாம் பல மடங்கு.

ஆகஸ்ட் 27, 2023

"காய்ந்த விறகு விற்பனைக்கு" என்ற விளம்பரத்தை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விளம்பரத்தை நம்ப வேண்டாம், ஈரமானியை நம்புங்கள். இரண்டு ஊசி நீட்டிக்கொண்டு கைக்குள் அடங்கும் சின்னக் கருவி, இரும்புக் கடையில் கிடைக்கும். கட்டையின் வெளிப்பக்கத்தில் குத்தினால் எப்போதும் நல்ல எண்தான் காட்டும். ஒரு கட்டையை அங்கேயே பிளக்கச் சொல்லி, புதிதாகத் திறந்த முகத்தில், ரேகை ஓடும் திசையிலேயே ஊசியைக் குத்துங்கள். 20 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் வாங்குங்கள். 30 என்றால் அடுத்த ஆண்டு விறகின் விலைதான் கொடுக்க வேண்டும்.

கார்ட் என்று சொல்லி ஃபேஸ் கார்ட் இறக்கிவிடுவதும் உண்டு. முன்முகம் அதே 4க்கு 8தான், ஆனால் ஆழம் 16 அங்குலக் கட்டை ஒரே வரிசை. மூன்று சேர்ந்தால்தான் ஒரு கார்ட். விலை பேசும் முன் எந்தக் கார்ட் என்று கேட்டுவிடுங்கள்.

செப்டம்பர் 10, 2023

"இந்த வருஷம் வேண்டாம்" என்று முதலில் சொன்னதை மாற்றுகிறேன். உங்கள் நிலத்து வேலி ஓரமாக ஆஷ் மரங்கள் நின்றபடியே பட்டுப்போய் இருப்பதாகப் படம் போட்டிருக்கிறீர்களே, அது கணக்கையே மாற்றுகிறது.

அது எமரால்டு ஆஷ் போரர் என்ற பச்சை வண்டின் வேலை. ஆசியாவிலிருந்து வந்து, 2002இல் டெட்ராய்ட் பக்கம் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைத் தின்று தீர்த்துவிட்டது. பட்டையை உரித்துப் பாருங்கள், உள்ளே புழு வளைந்து வளைந்து போன தடம் தெரியும். எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு கனத்துப்போகிறது. எங்கள் பாதையோரத்திலும் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஆஷுக்கு வெட்டும்போதே ஈரம் குறைவு. நின்றபடி பட்டுப்போனது இன்னும் குறைவு. இப்போது வெட்டிச் சன்னமாகப் பிளந்து, காற்றோட்டமாக அடுக்கினால் டிசம்பரில் ஒரு பகுதியாவது எரிக்கத் தேறும். மானி வைத்துப் பார்த்துத் தேறியதை மட்டும் எரியுங்கள். ஓக் அப்படி வராது, இரண்டு கோடை கேட்கும்.

ஆனால் நீங்களே வெட்டாதீர்கள். பட்ட ஆஷ் சாய்ந்து விழாது, முறிந்து விழும். உச்சியிலிருந்து கிளை சொல்லாமல் இறங்கும். பழகிய மரம்வெட்டிகளே பயந்து தொடும் மரம் அது. ஆள் வைத்துச் சாய்த்துக்கொள்ளுங்கள். துண்டு போடுவது, பிளப்பது, அடுக்குவது உங்கள் பாடு.

என்னிடம் மிச்சம் இருக்கும் மேப்பிள் விறகைத் தர முடியுமா என்று கேட்டீர்கள். தர ஆசைதான். சூடு காட்டிப் பதப்படுத்தாத விறகை 50 மைலுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்பது நியூயார்க் மாநில விதி. நான் இருக்கும் பாட்ஸ்டமிலிருந்து உங்கள் ஊர் அதற்கு மேல். வண்டு ஊர் ஊராகப் பரவியதே விறகு லாரியில்தான், அதனால் இந்த விதியில் எனக்கு முழுச் சம்மதம்.

செப்டம்பர் 24, 2023

இரண்டு வரி. வீட்டுக் காப்பீட்டுக்காரரிடம் விறகு பாய்லர் இருப்பதை இப்போதே சொல்லுங்கள். கதவின் கயிறு சீல் நைந்திருந்தால் மாற்றுங்கள். காற்று கசிந்தால் நெருப்பு உங்கள் பேச்சைக் கேட்காது.

அக்டோபர் 22, 2023

முதல் நெருப்பு பற்றி.

தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது நெருப்பறைச் சுவர் முழுக்க வியர்த்துக் கொட்டும், அடியில் தண்ணீர் தேங்கும். தொட்டி ஓட்டை என்று பதற வேண்டாம். புகையிலுள்ள ஈரம் குளிர்ந்த இரும்பில் படிகிறது, அவ்வளவே. சூடேறியதும் நின்றுவிடும். நிற்காமல் தினமும் தொடர்ந்தால்தான் கவலை. வீட்டிலிருந்து திரும்பி வரும் தண்ணீர் 140 டிகிரிக்கு (60 செல்சியஸ்) கீழே போகக் கூடாது. போனால் அந்த ஈரம் கிரியோசோட்டோடு கலந்து அமிலமாகி இரும்பைத் தின்னும். இதற்கென்றே வெப்பநிலை பார்த்துத் திறக்கும் ஒரு வால்வு உண்டு. திரும்பும் தண்ணீர் குளிர்ந்திருந்தால் பாய்லரிலிருந்து கொஞ்சம் சூட்டைக் கலந்து அனுப்பும். பழைய இணைப்புகளில் பலவற்றில் அது இருக்காது. உங்களுடையதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனிச் சொல்வதை மூன்று முறை படியுங்கள். கதவைத் திறக்கும் விதம். காற்றடைத்துப் புழுங்கிக்கொண்டிருக்கும் நெருப்பறையில் எரியாத வாயு நிரம்பியிருக்கும். கதவைச் சட்டென்று இழுத்தால் காற்று ஒரே மூச்சில் உள்ளே போய், சுடர் உங்கள் முகத்துக்கு வரும். முதலில் நெருப்புக்குக் காற்று ஊதும் விசிறியை நிறுத்துங்கள். கொக்கியை விடுவித்து ஒரு விரல் அகலம் மட்டும் திறந்து பிடியுங்கள். முகத்தைக் கதவுக்கு நேரே வைக்காமல் கீல் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். உள்ளே 'ஹூம்' என்று ஒரு உறுமல் கேட்கும், கதவிடுக்கில் வந்த புகை திரும்பி உள்ளே போகும். அதன்பிறகு திறங்கள். பனிக்காலத்தில் விறைத்த கையோடு, சீக்கிரம் போட்டுவிட்டு ஓடலாம் என்று தோன்றும்போதும் இதே வரிசைதான். கம்பளிக் குல்லாயின் நைலான் நூல் உருகுவதைப் பார்த்திருக்கிறேன், அதை மாட்டியிருந்தவரின் புருவமும் போயிருந்தது.

நவம்பர் 26, 2023

"வீட்டிலிருந்து பாய்லர் வரைக்கும் பனி உருகி ஒரு கோடு மாதிரி புல்லு தெரியுது அக்கா, அழகா இருக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி, அது உங்கள் விறகு. அந்தக் கோட்டுக்கு நேர் கீழேதான் குழாய் போகிறது.

பாய்லரிலிருந்து வெளியேறும் இடத்தில் ஒரு வெப்பமானி, வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒன்று கட்டிப் பாருங்கள். நுரை அடைத்த நல்ல குழாய் என்றால் நூறடிக்கு ஒன்றிரண்டு டிகிரிதான் குறைய வேண்டும். எவ்வளவு வருகிறது என்று எழுதுங்கள்.

நவம்பர் 28, 2023

பாய்லரை விட்டு வெளியேறும்போது 180, வீட்டுக்குள் நுழையும்போது 171 என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது டிகிரி மண்ணில்.

கணக்கு எளிது: நிமிடத்துக்கு ஓடும் காலன், பெருக்கல் 500, பெருக்கல் டிகிரி வித்தியாசம். மணிக்கு அத்தனை பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு). உங்கள் பம்ப் 8 காலன் தள்ளுவதாக வைத்தால் 36,000. ஒரு நாளைக்கு 8 லட்சத்து 64 ஆயிரம். ஒரு கார்ட் சர்க்கரை மேப்பிளில் சுமார் 2 கோடியே 40 லட்சம் பி.டி.யு. இருக்கிறது. பழைய பாய்லர் அதில் 40 விழுக்காட்டைத் தண்ணீருக்குத் தருவதாக வைத்தால் 96 லட்சம். வகுத்துப் பாருங்கள், பதினோரு நாளைக்கு ஒரு கார்ட், மண்புழுவுக்கு. நீங்கள் வெட்டி, பிளந்து, தூக்கிச் சுமந்த விறகு அது. எழுதும்போதே எனக்கு ஆறவில்லை.

என்ன நடந்திருக்கும் என்றால், யாரோ மலிவாக, நெளிவுக் குழாய்க்குள் மெல்லிய பஞ்சு போன்ற உறையைச் சுற்றிப் பதித்திருக்கிறார்கள். உறைக்குள் நிலத்தடி நீர் புகுந்து, உங்கள் வெந்நீர்க் குழாய் இப்போது குளிர்ந்த தண்ணீரில் படுத்திருக்கிறது. உறைந்த மண்ணை இப்போது தோண்ட முடியாது. மே மாதம் முதல் வேலை இது. புதிய பாய்லரைப் பற்றி அதுவரை யோசிக்கவே வேண்டாம். நல்ல பாய்லரைக் கெட்ட குழாயில் பூட்டினால் அதுவும் மண்ணைத்தான் சூடாக்கும்.

டிசம்பர் 3, 2023

கொஞ்சம் விலகி. வெப்பமாற்றி இருக்கும் அறையில் மாவுப் பாத்திரத்தை வைத்தால் ஜனவரியிலும் இட்லி மாவு ராத்திரிக்குள் பொங்கிவிடும். தரையில் ஒரு தட்டு வைத்துவிடுங்கள். உங்கள் மனைவி விறகு வேண்டாம் என்கிறார் என்றீர்களே, அவரிடம் என் சார்பாக இதைச் சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டில் இந்த வாதம்தான் வென்றது.

ஜனவரி 7, 2024

பக்கத்து வீட்டுக்காரர் புகையைப் பற்றி வந்து சொன்னார், "அவரும் விறகு அடுப்புதான் வெச்சிருக்கார், அவருக்கென்ன" என்று கோபமாக எழுதியிருக்கிறீர்கள். இதில் நான் அவர் பக்கம்.

அவருடைய அடுப்பின் புகைபோக்கி கூரைக்கு மேலே. உங்களுடையது கொட்டகைக்கு மேலே நாலடி. காற்றில்லாத குளிர்ந்த மாலையில் சூடான காற்று மேலே மூடி போல நின்றுகொள்ளும். புகை ஏற வழியில்லாமல் தரையோடு தவழ்ந்து அவர் சன்னலுக்குப் போகும். அதிலுள்ள துகள் 2.5 மைக்ரானுக்கும் சிறியது, நுரையீரலின் கடைசி வரை இறங்கும். அவர் வீட்டில் குழந்தை இருக்கிறது என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். நம் சிக்கனம் அடுத்த வீட்டுக் குழந்தையின் மூச்சில் போய் முடியக் கூடாது.

சட்டமும் இந்தச் சண்டைகளிலிருந்துதான் வந்தது. வெர்மான்ட் 1997லேயே இவற்றுக்கு விதி போட்டது. நியூயார்க் 2011இல்: புதிதாக நிறுவினால் புகை குறைவு என்று சான்று பெற்ற பாய்லர், நில எல்லையிலிருந்து 100 அடி தள்ளி, தரையிலிருந்து 18 அடி உயரப் புகைபோக்கி. நாடு முழுவதற்கும் ஈபிஏ என்ற மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு 2015இல் வரம்பு வைத்தது, பத்து லட்சம் பி.டி.யு.வுக்கு 0.32 பவுண்டு துகள். 2020 மே மாதம் முதல் அது 0.10, உண்மையான கட்டை விறகில் சோதித்தால் 0.15. உங்கள் பாய்லர் இதற்கெல்லாம் முந்தையது.

நாளைக்கே அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கோபத்தை விட்டுவிட்டுப் போங்கள், எந்த நேரத்தில் புகை அதிகம் வருகிறது என்று அவரிடமே கேளுங்கள். புகைபோக்கியை 18 அடிக்கு உயர்த்துங்கள். நெருப்பறையை ரொப்பாதீர்கள். அடுத்த முறை நீங்கள் வரும் நேரம் வரைக்கும் எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும். மிதமான நாளில் நாலைந்து கட்டை போதும். குறைவாகப் போட்டால் சுடர்விட்டு எரிந்து தணலாகும். நிறையப் போட்டு அடைத்தால் ராத்திரி முழுக்கப் புழுங்கும். அட்டைப்பெட்டி, வர்ணம் அடித்த பலகை, ப்ளைவுட், குப்பை எதுவும் உள்ளே போகக் கூடாது. "எதைப் போட்டாலும் எரியும்" என்றவர் சொன்னது ஞாபகம் இருந்தால் மறந்துவிடுங்கள்.

ஜனவரி 10, 2024

மேலே 'நாலைந்து கட்டை' என்றதற்கு ஒரு வாசகர், கட்டை என்றால் எவ்வளவு பெரிது என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. பிளந்தது, ஒரு கையால் தூக்கக்கூடியது. முழு உருட்டுக் கட்டையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பழைய பாய்லர்களின் கதவு பெரிதாக இருப்பதால் பிளக்காமலே உருட்டித் தள்ளுகிறார்கள். பட்டைக்குள் ஈரம் ஆண்டுக்கணக்கில் நிற்கும், பிளந்தால்தான் வெளியேறும்.

ஜனவரி 14, 2024

கரண்ட் போனால்? முதல் குளிர்காலத்தில் இருப்பவர்கள் இதைக் கேட்காமலே இருக்கிறார்கள், நானே சொல்கிறேன்.

1998 ஜனவரியில் இங்கே உறைமழை கொட்டி, கம்பங்களும் கோபுரங்களும் பனிக்கட்டியின் கனத்தில் சரிந்தன. எங்கள் மாவட்டத்தில் பல வீடுகள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. நாங்கள் அதற்குப் பிறகு வந்தவர்கள். ஆனால் இங்கே யாருடன் விறகைப் பற்றிப் பேசினாலும் பேச்சு அங்கே போய்த்தான் நிற்கும். கரண்ட் இல்லாமலே வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பங்கள் மட்டும் அந்த நாட்களில் வழக்கம்போல் அடுப்பெரித்துக்கொண்டிருந்தார்கள் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள்.

நம் பாய்லருக்குக் கரண்ட் வேண்டும். பம்ப் நின்றால் சூடு வீட்டுக்குப் போகாது, நெருப்போ உடனே அணையாது. தண்ணீர் கொதித்து மேல் துவாரம் வழியே ஆவியாகும். இன்னொரு பக்கம், குழாய்த் தண்ணீர் உறையத் தொடங்கும். ஆனால் தேவைப்படும் மின்சாரம் மிகக் கொஞ்சம். பம்பும் விசிறியும் சேர்ந்து சில நூறு வாட்டுக்குள் அடங்கும். சின்ன இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் ஒன்று போதும். வீட்டுக்குள் வைத்து ஓட்டாதீர்கள், கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

ஊருக்குப் போகும்போது என்ன செய்வது என்ற கேள்விக்கும் பதில் இதை ஒட்டியதே. ஆயில் ஃபர்னஸ் ஓடட்டும், பாய்லர் பம்பையும் ஓடவிடுங்கள். வீட்டுச் சூடு திரும்பிப் போய் வெளியிலுள்ள தண்ணீரை உறையாமல் காக்கும். நீண்ட நாள் என்றால் தண்ணீரை உறையாமல் தடுக்கும் கிளைக்கால் திரவத்தைக் கலந்துவிடுங்கள்.

பிப்ரவரி 18, 2024

லாபமா நஷ்டமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆயில் ஒரு காலனில் 1,38,500 பி.டி.யு. ஃபர்னஸ் 85 விழுக்காடு தருவதாக வைத்தால் 1,17,700. பழைய பாய்லரில் ஒரு கார்ட் மேப்பிள் சுமார் 82 காலன் ஆயிலுக்குச் சமம். புதிய சான்று பெற்ற வகை 70 விழுக்காடு தந்தால் அதே கார்ட் 143 காலனுக்குச் சமம். உங்கள் ஊர் ஆயில் விலையைப் பெருக்கிக்கொள்ளுங்கள். மண்ணுக்குப் போவதை இதிலிருந்து கழிக்க மறக்காதீர்கள்.

புதிய வகையில் புகையே இரண்டாம் முறை எரிகிறது. மேலறையில் விறகு, அடியில் சுட்ட களிமண் போன்ற தீக்கல்லில் ஒரு துவாரம். விறகிலிருந்து எழும் வாயு அந்தத் துவாரம் வழியே கீழே இழுக்கப்பட்டு, புதுக்காற்று கலந்து, கடும் வெப்பத்தில் எரிந்து தீரும். நல்ல நெருப்பில் புகைபோக்கி நுனியைப் பார்த்தால் காற்று நெளிவது மட்டும் தெரியும். ஆனால் ஈர விறகை இது மன்னிக்காது. பழையது புகைந்தாவது கிடக்கும், இது எரியவே மறுக்கும். அதனால்தான் பாய்லருக்கு முன்னால் விறகு என்று ஆகஸ்டிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பெரிதாக வாங்கினால் பத்திரம் என்று விற்பவர் சொல்வார். எனக்கும் ஒரு காலத்தில் அது சரியாகத்தான் பட்டது. இத்தனை குளிர்காலம் ஓட்டிய பிறகு அப்படி நினைக்கவில்லை. பெரிய பாய்லர் சின்ன வீட்டில் பெரும்பாலான நேரம் காற்றடைத்துப் புழுங்கும். வீட்டுக்கு மணிக்கு எவ்வளவு வெப்பம் வேண்டும் என்று கணக்குப் போடச் சொல்லி, அதற்கேற்ற அளவை வாங்குங்கள். மிகக் கடுங்குளிர் நாட்களில் ஆயில் கொஞ்சம் கைகொடுக்கட்டும், தப்பில்லை.

ஏப்ரல் 7, 2024

நெருப்பு நிறுத்தியாயிற்று என்கிறீர்கள். அணைத்த கையோடு சாம்பலை முழுக்க வாருங்கள். கோடையில் சாம்பல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு அடித்தகட்டை அரிக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் வாரி, மரத்தளத்தில் வைக்காமல் மண்ணில் வையுங்கள். உள்ளே தணல் பல நாள் உயிரோடு இருக்கும். சுவரைச் சுரண்டுங்கள், புகைபோக்கியைத் துடையுங்கள், அதன் வாயை மூடி வையுங்கள். பாய்லர் தண்ணீரில் ஒரு பாட்டில் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். துரு தடுக்கும் மருந்து குறைந்திருந்தால் இப்போதே சேர்த்துவிடலாம்.

இனி வரிசை: மே மாதம் குழாய். கோடை முழுக்க விறகு. அடுத்த குளிர்காலமும் பழைய பாய்லரே, காய்ந்த விறகோடு, உயர்த்திய புகைபோக்கியோடு. அதற்கு அடுத்த ஆண்டு, விறகு இரண்டு வரிசை முன்கூட்டி நின்றால், புதியது வாங்குங்கள்.

முழுநீள மரமாக ஒரு லாரி இறக்கிக்கொள்வதுதான் மலிவு. பனி உருகும் இந்த வாரங்களில் ஊர்ச் சாலைகளில் கனரக லாரிகளுக்குத் தடை அறிவிப்பு வைத்திருப்பார்கள். தடை எடுத்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். நீங்கள் இந்த வாரமே பேசி வைத்துவிடுங்கள். மேப்பிளும் ஆஷும் கேளுங்கள், ஓக் வந்தால் தனியாக அடுக்கி 2026 என்று சுண்ணாம்பால் எழுதி வையுங்கள்.